பணியிடமும் திருநர் மனநலமும்

பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறான பாலின அடையாளம் கொண்டவர்கள் திருநர் எனப்படுவர். அவர்களுள் தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. ஆணாக உணர்பவர் திருநம்பி. இவ்விரு பெயர்களுக்குள் அடங்காதோரும் உண்டு.

திருநராக இருப்பது மனநோய் அன்று. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, இதை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிவிட்டது. ஆயினும் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவை திருநரிடையே மிகுதியாகக் காணப்படுகின்றன. பிறர் அவர்களை நடத்தும் முறையே இதற்கு முக்கியக் காரணம்.

அழுத்தம் உண்டாகும் விதம்

சிறுபான்மையினராக இருப்பதாலேயே ஒருவருக்கு ஏற்படும் கூடுதல் மனச்சுமையை உளவியலாளர் இலான் மேயர் 2003இல் விளக்கினார். அவர் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி எழுதியது பின்னர் திருநருக்கும் விரிவாக்கப்பட்டது. கேலி, வேலை மறுப்பு, தாக்குதல் ஆகியவை வெளியிலிருந்து வரும் அழுத்தங்கள். இன்று என்ன நேருமோ என்ற அச்சமும், தன்னை மறைத்துக்கொள்ளும் முயற்சியும் உள்ளிருந்து வருத்துபவை. எதுவும் நடவாத நாளிலும் இந்த அச்சம் ஓய்வதில்லை.

வடசென்னையில் இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை துறைமுகங்களும் ஆலைகளும் நிறைந்துள்ளன. இங்கு வேலை நாள் வாசலில் அட்டையைக் காட்டுவதில் தொடங்குகிறது. அட்டையில் பழைய பெயரும் பழைய படமும் இருந்தால், பலர் முன்னிலையில் நாள்தோறும் விளக்கம் சொல்ல நேரும். உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் ஆண், பெண் என இரண்டாக மட்டுமே இருந்தால், எதில் நுழைவது என்ற தயக்கம் எழும். இதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோர் உண்டு. அது உடலையும் கெடுக்கும். இரவு ஷிப்டு முடிந்து தனியே வீடு திரும்புவது மற்றோர் அச்சம்.

வேலை கிடைத்தால் மட்டும் போதுமா?

விண்ணப்பப் படிவமே தடையாக இருந்ததுண்டு. காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாஷினி, 2015இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் உரிமை பெற்று, 2017இல் பணியில் சேர்ந்தார்.

அதே 2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநரைப் பணிக்குத் தேர்ந்தெடுத்தது. ஆனால் வாடகைக்கு வீடு தர உரிமையாளர்கள் மறுத்ததால் சிலர் விரைவிலேயே விலகினர். தங்கும் விடுதிச் செலவுக்கு அவர்கள் சம்பளம் போதவில்லை. வேலை கொடுப்பதோடு அதில் நிலைத்திருக்கவும் உதவ வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

சட்டம் சொல்வது

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019, வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

பணியிடங்கள் செய்யக்கூடியவை

1. அடையாள அட்டை, வருகைப் பதிவு ஆகியவற்றில் ஊழியர் விரும்பும் பெயரைப் பயன்படுத்துதல்.
2. தாழ்ப்பாளுடன் கூடிய, எவரும் பயன்படுத்தத்தக்க தனிக் கழிப்பறை ஒன்றேனும் அமைத்தல்.
3. மேற்பார்வையாளர், வாசல் காவலர், ஒப்பந்தக்காரர் ஆகியோருக்கும் பயிற்சி அளித்தல்.
4. மருத்துவ விவரங்களையும் பழைய பெயரையும் பிறரிடம் வெளியிடாதிருத்தல்.
5. அறுவை சிகிச்சைக்கு மற்ற சிகிச்சைகளைப் போலவே விடுப்பு அளித்தல்.
6. வீடு கிடைக்க நிறுவனத்தின் கடிதம் தந்து உதவுதல். இரவுப் பணிக்கு வாகன வசதி செய்தல்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அதிகச் செலவில்லை. சக ஊழியர்களின் பங்கும் பெரிது. சரியான பெயரால் அழைப்பதும், கேலி எழும்போது "வேண்டாம்" என்று ஒருவர் சொல்வதும், சாப்பாட்டு வேளையில் உடன் அமர்வதும் தனிமையைக் குறைக்கும்.

உதவி பெற

உறக்கமின்மை, வேலையில் நாட்டமின்மை, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் தாமதியாமல் உதவி நாட வேண்டும். டெலி மானஸ் எண் 14416இல் எந்நேரமும் தமிழில் இலவச ஆலோசனை பெறலாம். வடசென்னையினர் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்.