காந்தம் காட்டும் படம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பேசியவன் நான். காந்தப் பாடம் நடத்தும்பொழுது ஒரு தாளின்மேல் இரும்புத் தூளைத் தூவி, அடியிலே சட்டக் காந்தத்தை வைத்துத் தாளை மெல்லத் தட்டிக் காட்டுவேன். தூள் வளைவு வளைவாக அணிவகுத்து நிற்கக் கண்டு பிள்ளைகள் வியப்பர். அதே காந்தம் ஒருநாள் என் மனைவியின் உடம்பினுள் புகுந்து பார்க்கும் என்று அன்று நான் எண்ணியவன் அல்லன்.

சில மாதங்களுக்கு முன் அவளுடைய இடது மார்பகத்தில் ஒரு கட்டி தென்பட்டது. மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே படமும், ஊசியால் சிறிது சதை எடுத்துப் பார்த்த சோதனையும் அது புற்றுநோய் என்று உறுதிசெய்தன. அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துவரும்படி மருத்துவர் பணித்தார். அது எதற்கு, எவ்வாறு எடுப்பார்கள், அதனால் என்ன தெரியவரும் என்பவற்றை எவரும் எங்களுக்கு எடுத்துரைக்கவில்லை. பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே வந்திருக்கிறேன்.

நம் உடம்பில் நீரும் கொழுப்பும் மிகுதி. அவற்றிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றின் கருவும் ஒரு சின்னஞ்சிறு காந்தம். பெரிய காந்தத்துக்குள் ஒருவரைக் கிடத்தினால் அச்சிறு காந்தங்கள் ஓரளவு ஒரு திசை நோக்கி ஒழுங்குபடும். இவ்வியந்திரத்தின் காந்த வலிமை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தத்தைப்போல் ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. பிறகு வானொலி அலைகளைச் செலுத்தி அந்த ஒழுங்கைக் குலைப்பார்கள். குலைந்தவை மீளும்போது எழுப்பும் அலைகளை வாங்கிக் கணிப்பொறி படமாக்குகிறது. ஆம், என் குரலைச் சுமந்து வருகிற அலைகளின் இனத்தைச் சேர்ந்தவைதாம் அவையும். எக்ஸ்ரே இதில் சிறிதும் இல்லை. இம்முறையை வளர்த்த பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்பீல்டு ஆகிய இருவரும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர்.

புற்றுக் கட்டி தன்னை வளர்த்துக்கொள்ளப் புதுப்புது இரத்தக் குழாய்களைக் கூட்டிக்கொள்ளும். அவை கசிவுடையவை. ஆகவே கையிலுள்ள நரம்பு வழியாகக் கடோலினியம் கலந்த மருந்தை ஏற்றினால், அவ்விடம் மற்ற இடங்களைவிட விரைந்து ஒளிர்கிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் படமெடுப்பது இதற்காகவே. சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றவர்களுக்குச் சிலவகைக் கடோலினிய மருந்துகள் தோலை இறுகச்செய்யும் கடுநோயைத் தருவது 2006-இல் வெளிப்பட்டது. சிறுநீரகக் கோளாறு உண்டென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். கருவுற்றிருப்போரும் அவ்வாறே. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு, அவசரம் இல்லையாயின், விலக்குத் தொடங்கிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாளுக்குள் எடுப்பது நன்று. மற்ற நாள்களில் நல்ல சதையும் ஒளிர்ந்து மருத்துவரை மயக்கும்.

இனி, உலோகம். இயந்திரம் ஓடாத வேளையிலும் அந்தக் காந்தம் உறங்குவதில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர், மூளைக் குழாயில் கிளிப், காதினுள் பொருத்திய கேட்புக் கருவி இருப்பவர்கள் முன்னரே தெரிவித்தாக வேண்டும். என் மனைவி வளையல், மெட்டி, மூக்குத்தி அனைத்தையும் கழற்றிவிட்டாள். தாலிக்கொடியில் கைவைத்தபோது தயங்கி நின்றாள். செவிலியர், “அம்மா, அதில் ஊக்கு இருக்கிறதே!” என்றார். நான்கு ஊக்குகள்! நம் வீட்டுப் பெண்கள் தாலிக்கொடியை ஊக்குப் பெட்டியாக வைத்திருப்பது நாமறிந்ததே. பொன்னைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. ஆனால் ஊக்கை இழுக்கும். பொன்னும் அலைகளால் சூடேறக்கூடும். கொடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு உள்ளே சென்றாள். வீட்டில் மஞ்சள் கயிற்றில் கோத்து அணிந்து வந்திருந்தால் அந்தக் கலக்கம் நேர்ந்திராது.

உள்ளே குப்புறப் படுக்க வேண்டும். மேசையிலுள்ள இரு திறப்புகளில் மார்பகங்கள் தொங்கும். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் அசையாதிருத்தல் வேண்டும். “பத்து உரலில் ஒரே நேரத்தில் இடித்ததுபோல் இருந்தது” என்றாள். காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஓர் அழுத்து குமிழும் தருவார்கள். அச்சம் மிகுந்தால் அழுத்தலாம். அதில் நாணம் எதற்கு?

இப்பரிசோதனை எல்லார்க்கும் உரியதன்று. பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பழுது உடையவர்கள், இளமையில் மார்பில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள், நோயின் பரப்பை அளக்க வேண்டியவர்கள் ஆகியோர்க்கே இது முதன்மையாகப் பயன்படுகிறது. மேமோகிராமுக்கு இது மாற்றும் அன்று; சுண்ணாம்புத் துகள்களை மேமோகிராமே தெளிவாகக் காட்டும். நெதர்லாந்தில், மிக அடர்ந்த மார்பகமுடைய பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இரு சோதனைகளுக்கு இடையே தலைகாட்டும் புற்றுநோய், எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்படாத குழுவில் ஆயிரத்துக்கு 5 ஆகவும், அழைக்கப்பட்ட குழுவில் 2.5 ஆகவும் இருந்தது. ஆனால் முதற் சுற்றில் படமெடுத்த ஆயிரம் பேரில் ஏறத்தாழ 80 பேர் நோயில்லாமலே மேற்சோதனைக்கு ஆளாயினர்.

இந்த எண்ணை அன்றே எங்களிடம் ஒருவர் சொல்லியிருந்தால்! என் மனைவியின் வலப்பக்கத்திலும் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பதினொரு நாள் நாங்கள் உண்டோமென்றும் உறங்கினோமென்றும் சொல்லமாட்டேன். இரு மார்பகங்களையும் இழக்க நேருமோ என்று அவள் ஓரிரவு கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. பிறகு அல்ட்ராசவுண்டில் அப்புள்ளியைத் தேடிக் கண்டு ஊசி செலுத்திப் பார்த்தார்கள். தீங்கற்ற நார்க்கட்டி. அல்ட்ராசவுண்டில் அகப்படாதிருந்தால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் துணைகொண்டே ஊசி செலுத்த வேண்டும். அவ்வசதி எல்லா இடத்திலும் இல்லை. படமெடுக்குமுன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கத்து அறுவை நலமே முடிந்தது. வலப்பக்கத்துப் புள்ளியை ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும் என்றார்கள். வருகிற மாதம் அந்த நாள். பழைய படங்கள், குறுந்தகடு, அறிக்கை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்திருக்கிறோம்; மஞ்சள் கயிற்றையும் இம்முறை அவளே வாங்கி வைத்துவிட்டாள்.