குழந்தைகளின் வலி தணிப்பு: இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி

நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கெனக் கேரள அரசு 2008-ஆம் ஆண்டில் தனிக் கொள்கை வகுத்தது. 1993-இல் கோழிக்கோட்டில் புற்றுநோயாளருக்காகத் தொடங்கிய பணியே அதற்கு அடித்தளமாகும். ஆயினும் குழந்தைகளின் தேவை தனித்தன்மை வாய்ந்தது.

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிப் பழங்குடியினரிடையே அரிவாளணுச் சோகை காணப்படுகிறது. வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால் எலும்புகளில் கடும் வலி அடிக்கடி எழுகிறது. இத்தகைய குழந்தைகளுக்குத் தணிப்புச் சிகிச்சை இறுதிக் கட்டத்திற்குரியதன்று. நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே, பிற சிகிச்சையுடன் சேர்ந்து தொடங்க வேண்டியதாகும்.

இதற்குப் பயிற்சி மருத்துவர் கற்க வேண்டுவன மூன்று. முதலாவது, வலியை அளத்தல்: பேசாக் குழந்தையின் முகம், கால் அசைவு, அழுகை ஆகியவற்றாலும், வளர்ந்த குழந்தைக்கு முகப் படங்களாலும் அளவிடலாம். இரண்டாவது, எடைக்கேற்ப மருந்தளித்தல்: கடும் வலிக்கு மார்ஃபினை அஞ்சி ஒதுக்குதல் தகாது. மூன்றாவது, உரையாடல்: அட்டப்பாடியின் இருளக் குழந்தையும் இடுக்கித் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குழந்தையும் தத்தம் மொழியிலேயே வலியை உரைப்பர்.

முதுநிலை மருத்துவ மாணவர் மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் பணியாற்றும் திட்டம் நடைமுறையிலுள்ளது. அக்காலத்தில் சில நாள்களை இல்லப் பராமரிப்புக் குழுவுடன் செலவிடச் செய்தால், சிறு செலவில் பெரும்பயன் விளையும். தணிக்கக்கூடிய வலியைக் குழந்தை தாங்கிக்கொள்ள நேர்வது மருந்துப் பஞ்சத்தால் மட்டுமன்று, பயிற்சிப் பஞ்சத்தாலுமாகும்.