ஹாம்பர்கரில் 'ஹாம்' இருக்கிறதா?

"ஹஜ்ரத், ஆங்கிலத்தில் ஹாம் என்றால் பன்றித் தொடைக்கறிதானே? அப்படியானால் ஹாம்பர்கர் ஹராமா?"

பிள்ளைகள் கேட்கும் நியாயமான கேள்வி இது. பதில் ஓர் ஊரின் பெயரில் இருக்கிறது.

ஹாம்பர்க் ஜெர்மனியின் துறைமுக நகரம். 19ஆம் நூற்றாண்டில் லட்சக்கணக்கானோர் அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா சென்றார்கள். நியூயார்க் உணவகங்களில் மாட்டிறைச்சிக் கைமாவைத் தட்டிச் சுட்டு 'ஹாம்பர்க் ஸ்டேக்' என்று விற்றார்கள். புகாராவைச் சேர்ந்த இமாம் 'புகாரி' என்று அறியப்பட்டதுபோல, ஹாம்பர்க்கைச் சேர்ந்தது 'ஹாம்பர்கர்'. பிற்காலத்தில் மக்கள் அதை 'ஹாம்', 'பர்கர்' என்று தவறாகப் பிரித்துவிட்டார்கள். சீஸ் பர்கர், சிக்கன் பர்கர் என்ற பெயர்கள் அப்படிப் பிறந்தவைதான்.

சரி, அந்தக் கறியை ரொட்டிக்கு நடுவே முதலில் வைத்தது யார்? இங்கேதான் சர்ச்சை.

விஸ்கான்சின் மாநிலத்தின் சீமோர் ஊர்க்காரர்கள், 1885இல் சந்தையில் கறி உருண்டை விற்ற சார்லி நக்ரீன் என்ற 15 வயதுச் சிறுவனைச் சொல்கிறார்கள். நடந்துகொண்டே சாப்பிட வசதியாக உருண்டையைத் தட்டி ரொட்டிக்குள் வைத்தானாம். அதே 1885இல், நியூயார்க் மாநிலத்தின் ஹாம்பர்க் என்ற ஊரில் நடந்த சந்தையில், பன்றிக்கறி தீர்ந்துபோனதால் மாட்டிறைச்சியை வைத்து விற்றதாக மென்ச்சஸ் சகோதரர்களின் குடும்பம் சொல்கிறது. நியூ ஹேவன் நகரின் லூயிஸ் லஞ்ச் கடை 1900ஆம் ஆண்டைக் காட்டுகிறது. ஆனால் 1890களின் அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே 'ஹாம்பர்கர் சாண்ட்விச்' என்ற பெயர் வந்துவிட்டது. டெக்சாஸின் ஏதென்ஸ் நகரமும் உரிமை கோருகிறது.

எல்லோரிடமும் கதை இருக்கிறது. ஐயமற்ற சான்று எவரிடமும் இல்லை. ஒரு ஹதீஸை ஏற்குமுன் அறிவிப்பாளர் தொடரைப் பரிசோதித்த சமுதாயம் நாம். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஆனால், "ஹாம்பர்கரில் பன்றி இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் விசாரிக்காமலே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

மார்க்கச் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, பொருளைப் பார்க்கிறது. ஹாம்பர்கர் என்ற பெயரால் எந்த உணவும் ஹராம் ஆகாது. அதேபோல், சிக்கன் பர்கர் என்ற பெயரால் எந்த உணவும் ஹலாலும் ஆகாது. பெயரைக் கண்டு பயப்படும் நாம், பயமுறுத்தாத பெயரில்தான் அசந்துவிடுகிறோம்.

ஆகவே, கடையில் கேட்க வேண்டியவை இவை: கோழியோ மாடோ, அல்லாஹ்வின் பெயர் கூறி முறைப்படி அறுக்கப்பட்டதா? பன்னில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா? பன்றிக்கறி சுடும் அதே தட்டில் இதையும் சுடுகிறார்களா? வெளிநாட்டில் வாழும் குடும்பங்கள் கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது.

தெளிவான பதில் கிடைக்காவிட்டால் விட்டுவிடுவதே பேணுதல். வீட்டில் கைமா இருக்கிறது, கடையில் பன் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு நீங்களே செய்து கொடுங்கள்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.