வெளிச்சம் பட்டால் ஊரும் ரப்பர் புழு!

உச்சி வெயிலில் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைச் சுற்றினால், சுடுகல்லில் பட்ட கால் சட்டென்று மேலே எழும். நரம்பு சொல்கிறது, தசை சுருங்குகிறது. நரம்பே இல்லாத ஒரு ரப்பர் துண்டும் இப்படிச் சுருங்கும், தெரியுமா?

அதன் பெயர் திரவப் படிக பாலிமர். தீப்பெட்டிக் குச்சிகள் போல அதன் மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும். ஒளி பட்டுச் சூடானதும் வரிசை கலைந்து ரப்பர் சுருங்கும். ஒளி விலகினால் பழையபடி நீளும்.

2016-ல் போலந்தின் வார்சா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதில் 15 மில்லிமீட்டர் 'கம்பளிப்புழு' செய்தார்கள். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. பச்சை லேசர் பட்டால் ஊரும்!

உடம்புக்குள் மருந்து சுமக்குமா? இப்போதைக்கு ஆராய்ச்சிக்கூடத்தோடு சரி. ஒளி தோலைத் தாண்டி ஆழமாகப் போகாதே! ஆகவே யாராவது 'ஒளி ரோபோ சிகிச்சை' என்று அழைத்தால் பர்ஸைத் திறக்காதீர்கள். முதலில் குடும்ப டாக்டரைக் கேளுங்கள்.