மடக்கிய சிறகும் மினி டிராஃப்டரும்

(மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



பேரவை மலருக்கு ஏதாவது எழுது என்றார்கள். "கவிதைக்கு நிறையப் பேர் இருக்காங்க, நீ டெக்னிக்கலா ஒண்ணு குடு மாப்ள" என்றும் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு டைனோசர்! என்ன, சிரிப்பு வருகிறதா? டைனோசருக்கும் டிப்ளமோவுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இறகு முளைத்த டைனோசர் தன் சிறகை எப்படி மடக்கியிருக்கும், அதை எப்படிச் சரியாக வரைவது என்பது முழுக்க முழுக்க நம் பாடம். தியரி ஆஃப் மெஷின்ஸ் பாதி, என்ஜினியரிங் டிராயிங் பாதி. படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயத்தை முதலில் பிரித்துக்கொள்வோம். இக்கட்டுரையில் இறகு என்றால் ஒற்றை இறகு. சிறகு என்றால் எலும்பு, தோல், இறகு எல்லாம் சேர்ந்த முழு உறுப்பு.

டைனோசருக்கு இறகா?

1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படம் நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. அதில் வரும் ராப்டர்களுக்குப் பல்லியைப் போல வெறும் தோல்தான். ஆனால் படம் வந்து மூன்றே ஆண்டுகளில், 1996-ல், சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் உடம்பைச் சுற்றி மெல்லிய இழை போன்ற இறகுகள் கல்லில் பதிந்திருப்பது தெரியவந்தது. 2003-ல் மைக்ரோராப்டர் குய் வந்தது. அதற்குக் கையில் மட்டுமல்ல, காலிலும் நீண்ட இறகுகள்! 2007-ல் வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் வரிசையாக ஆறு சிறு மேடுகளைக் கண்டுபிடித்தார்கள். பெரிய இறகுகளின் அடி ஊன்றுகிற இடத்தில் இன்றைய பறவைகளின் எலும்பிலும் இதே போன்ற மேடுகள் உண்டு. ஆக, படத்தில் நாம் பார்த்துப் பயந்த பிராணிக்குக் கையில் சிறகு இருந்தது என்பதற்கு எலும்பே சாட்சி.

நம்ம பக்கத்துப் பல்

"இதெல்லாம் சீனா, மங்கோலியா சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். திருச்சிக்கு அந்தப் பக்கம், சிமென்ட் ஆலைகளுக்குப் பெயர் போன அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பாறைப் படிவுகள் டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே கிடைத்த ஒரே ஒரு பல்லை ஆராய்ந்து, அது ட்ரூடாண்டிட் என்ற இனத்து டைனோசருடையது என்று அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்ட குழுவினர் 2013-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் அறிவித்தார்கள். ட்ரூடாண்டிட்கள் பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவினர்கள். இந்த இனத்தைச் சேர்ந்த மெய் லாங் என்ற சீன டைனோசர், தூங்குகிற கோலத்திலேயே புதைபடிவமாகிக் கிடைத்தது. 2004-ல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். கால்களை மடக்கி, முகத்தைக் கைக்கு அடியில் செருகி, நம் வீட்டுக் கோழி தூங்குவது போலவே படுத்திருக்கிறது!

ஒற்றைப் பல் என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாதுதான். என்றாலும் இறகு வைத்த டைனோசர் ஒன்று நம் தமிழ் மண்ணில் நடமாடியிருக்கக் கூடும் என்று நினைத்தாலே சிலிர்க்கிறது, இல்லையா?

ஒரு படம் செய்த வேலை

அதே கல்லமேட்டுப் பக்கத்திலிருந்துதான் பிருஹத்காயோசாரஸ் வந்தது. பெயருக்குப் பொருளே 'மாபெரும் உடல்'. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1987-ல் இதை விவரித்து எழுதினார்கள். பிறகு அந்த எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன! மிஞ்சியவை சில கோட்டுப் படங்களும் புகைப்படங்களும்தான். முதலில் ஊன் தின்னும் வகை என்று எழுதப்பட்டது. 1995-ல் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாற்றப்பட்டது. "இது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம்" என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகுதான் விவாதம் ஒரு நிலைக்கு வந்தது. இடைப்பட்ட 35 ஆண்டுகள் உலகம் முழுக்க ஆட்கள் பெரும்பாலும் நாலைந்து கோடுகளை வைத்துக்கொண்டுதான் வாதாடினார்கள். பொருள் போனால் படம்தான் பொருள். ஒர்க்‌ஷாப்பில் டிராயிங் தப்பென்றால் ஜாப் தப்பு, இங்கேயும் அப்படித்தான்.

பையில் கிடக்கும் சிறகு

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலாமாண்டில் வாங்கிய மினி டிராஃப்டரைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். இணையான தண்டுகள், மூலைகளில் பிவட், நுனியில் ஸ்கேல். போர்டு முழுக்க எங்கிட்டு இழுத்தாலும் ஸ்கேல் திரும்பாமல் தன் கோணத்திலேயே நிற்கிறது. காரணம், அது இணைகர ஃபோர் பார் மெக்கானிசம்.

பறவையின் முன்கையும் ஏறத்தாழ இதே கருவிதான்! முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. இவை இணையான இரண்டு லிங்க். மேற்கை எலும்பின் முழங்கை முனை மூன்றாவது லிங்க். மணிக்கட்டும் அதோடு சேர்ந்த கையும் நான்காவது லிங்க். முழங்கையை மடக்கும்போது ரேடியஸ் எலும்பு அல்னாவை ஒட்டி மணிக்கட்டுப் பக்கமாகச் சற்று நகர்ந்து தள்ளுகிறது. உடனே கையும் பின்பக்கமாக மடங்குகிறது. தசைகளும் தசைநாண்களும் கூடவே உதவுகின்றன. ஆக, முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்தே மடங்கும், சேர்ந்தே விரியும். ஆங்கில நூல்களில் இந்த இயக்கத்துக்கு இணைகோடு வரையும் கருவியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை இல்லையா? ஆரப்பாளையத்தில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் அண்ணனிடம் கேட்டு ஒரு முழு இறக்கையை வெட்டாமல் வாங்கினேன். மேற்கைப் பகுதியை இடது கையால் பிடித்துக்கொண்டு, முழங்கையை மட்டும் மடக்கினேன். நுனிப் பகுதியை நான் தொடவே இல்லை. அதுவாகவே மடங்கி வந்தது. "படிக்கிற புள்ள கறியை வச்சு விளையாடுது பாரு" என்று அண்ணன் சிரித்தார். நீங்களும் செய்து பாருங்கள். குழம்பு வைக்கும் முன் ஐந்து நிமிஷம் போதும், செலவே இல்லாத லேப்!

மணிக்கட்டில் ஒரு பிறை

டைனோசருக்கும் இது உண்டா? பாதி உண்டு. டைனானிகஸ் என்ற டைனோசரை ஜான் ஆஸ்ட்ரம் 1964-ல் அமெரிக்காவின் மான்டானாவில் கண்டெடுத்து, 1969-ல் விவரித்தார். அதன் மணிக்கட்டில் பிறை வடிவில் ஒரு எலும்பு இருந்தது. கப்பியின் மீது கயிறு ஓடுவது போல, அந்தப் பிறையின் வளைவில் கை பக்கவாட்டில் சுழலும். இதே அமைப்பு பறவைகளிடமும் இருக்கிறது. டைனோசர்தான் பறவையாக மாறியது என்ற வாதத்துக்கு இந்த எலும்பு ஒரு பெரிய ஆதாரம்.

'பக்கவாட்டில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கையைக் கட்டைவிரல் மேலே இருக்கும்படி நீட்டி, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டை மடக்குங்கள். ஏதோ 30, 40 டிகிரி போனதும் நின்றுவிடும். பறவைக்கு இந்தத் திசையில்தான் கை ஏறக்குறைய முன்கையோடு ஒட்டும் அளவுக்கு மடங்குகிறது. டைனோசர்கள் இடையில் நின்றன. கார்வின் சல்லிவன் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் மணிக்கட்டு எலும்புகளின் சரிவை அளந்து, இந்த மடங்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்ததைக் காட்டினார்கள். பறப்பதற்கு முன்பே, நீண்ட இறகுகள் தரையில் உரசிக் கெடாமல் காக்க இது பயன்பட்டிருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

சுவரில் நிற்கும் தவறுகள்

என் நண்பன் ஒருவன் விடுமுறையில் நர்சரிப் பள்ளிச் சுவர்களுக்குப் படம் வரையப் போவான். கைப்பேசியில் வருகிற படத்தைப் பார்த்து அப்படியே போடுவான். "மாப்ள, இந்தச் சிறகு மடங்குமா?" என்று கேட்டேன். "சுவத்துல இருக்கறது எதுக்குடா மடங்கணும்?" என்றான். நல்ல பதில்தான்! ஆனால் அந்தச் சுவர் அடுத்த வெள்ளையடிப்பு வரை நிற்கும். அதுவரை எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்து "டைனோசர்னா இப்படித்தான்" என்று மனதில் எழுதிக்கொள்ளும்? அதனால் வழக்கமாக வரும் தவறுகளை அவனுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன்.

1. உள்ளங்கை தரையைப் பார்ப்பது. பியானோ வாசிப்பது போல் கையைத் தொங்கவிடுவார்கள். இந்த டைனோசர்களின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, கைதட்டப் போகிறவர் வைத்திருப்பது போல இருக்கும்.

2. முழுக்கைச் சட்டை. மணிக்கட்டோடு இறகை நிறுத்திவிட்டு, விரல்களை வெறுமையாக விடுவார்கள். மிக நீண்ட இறகுகள் ஊன்றுவதே கையிலும் இரண்டாம் விரலிலும்தான். அடுத்த வரிசை அல்னா எலும்பில். நகங்கள் மட்டும் முன்னால் எட்டிப் பார்க்கலாம்.

3. தோளில் ஆணி அடித்த பலகை. மடக்கிய சிறகை ஒரே துண்டாகத் தோளில் ஒட்டுவார்கள். கோழியின் நெஞ்சருகே முன்னால் முட்டிக்கொண்டு தெரிகிற மூலை தோள் இல்லை, மணிக்கட்டு! முழங்கை பின்னால், உடம்பு இறகுக்குள் மறைந்திருக்கிறது.

4. புறா மாதிரி ஒட்ட மடக்குவது. மேலே சொன்ன 2010 ஆய்வுப்படி, டைனோசருக்கு அவ்வளவு மடங்காது.

வரையும் முறை

இப்போது பென்சிலை எடுங்கள். முதலில் எலும்பு, பிறகுதான் இறகு.

தோளிலிருந்து பின்னோக்கிச் சற்றுக் கீழாக மேற்கைக்கு ஒரு கோடு. அங்கிருந்து முன்னோக்கி முன்கைக்கு ஒரு கோடு. அதன் முனையிலிருந்து மறுபடி பின்னோக்கிக் கைக்கு ஒரு கோடு. ஆங்கில இசட் எழுத்துப் போல வரும். பறவையென்றால் முதல் கோடும் மூன்றாவது கோடும் ஏறத்தாழ இணையாக இருக்கும், டிராஃப்டரின் ஸ்கேல் போல. டைனோசரென்றால் மணிக்கட்டில் அவ்வளவு மடக்காமல், முன்கைக்கும் கைக்கும் இடையே செங்கோணத்தை ஒட்டி நிறுத்துங்கள். அது பத்திரமான வழி.

அடுத்து, இறகுகள் ஊன்றும் புள்ளிகளைக் குறியுங்கள். கையில் ஒரு வரிசை, அல்னாவில் ஒரு வரிசை. கோழியின் கையில் பொதுவாக 10 பெரிய இறகுகள். புள்ளிகள் இடம் மாறாது, இறகின் கோணம் மட்டுமே மாறும். விரித்தால் விசிறி, மடக்கினால் சீட்டுக்கட்டு. மடக்கும்போது கையின் இறகுகள் அல்னா இறகுகளுக்கு அடியில் போய்விடும். எனவே வெளியே பெரிதாகத் தெரிவது அல்னா இறகுகள். கையின் இறகுகளில் நுனி மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். டைனோசரின் கை முழுக்க மடங்காததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

கடைசியாக, இறகுகளின் அடிப்பகுதியை மூடும் சிறு இறகுகள். கூரை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே தோல் ஒன்று இழுத்துக் கட்டியது போல இருப்பதால், முன்விளிம்பில் பள்ளம் விழாமல் ஒரே வளைவாக வரையுங்கள்.

தெரிந்ததும் தெரியாததும்

நம் டிராயிங்கில் கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு முழுக்கோடு, மறைந்திருக்கும் விளிம்புக்கு ஹிட்டன் லைன். மடக்கிய சிறகுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. இறகை முழுக்கோட்டில் போடுங்கள். உள்ளே இருக்கும் மூன்று எலும்புகளையும் ஹிட்டன் லைனில் போடுங்கள். எலும்பு சரியாக உட்கார்ந்தால்தான் இறகு சரி என்று அர்த்தம். உட்காரவில்லையென்றால் எவ்வளவு அழகாக வண்ணம் தீட்டினாலும் அது பொம்மைதான்.

கல்லமேட்டு டைனோசரை வரைகிறவர் இன்னொன்றும் செய்ய வேண்டும். கிடைத்திருப்பது ஒரு பல் மட்டுமே. சிறகு, நிறம், உயரம் எல்லாம் உறவினர்களைப் பார்த்து நாம் ஊகித்தவை. அதைப் படத்தின் மூலையில், டைட்டில் பிளாக்குக்கு மேலே, குறிப்பாக எழுதிவிடுவதே நேர்மை. நாளைக்கே கல்லமேட்டில் ஒரு கை எலும்பு கிடைத்தால், நம் படத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று பார்க்கிறவருக்கு உடனே தெரியும்.

நண்பர்களே, டைனோசர் கிடைக்காவிட்டாலும் வைகைக் கரையில் கொக்கு நிற்கிறது, பஸ் ஸ்டாண்டில் புறா நடக்கிறது, வாசலில் கோழி மேய்கிறது. அவை சிறகை மடக்குகிற அந்த ஒரு நொடியை உற்றுப் பாருங்கள். சிறகுக்குள் மூன்று எலும்புக் கோடுகளும் உங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால், ஃபோர் பார் மெக்கானிசத்தை இனி மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை!