டாக்டருக்கும் கூச்சம் உண்டு

தோட்டத்துப் பெண்கள் பலர் டாக்டரிடம் வெள்ளைப்படுதலைச் சொல்லக் கூசி, "வயிற்று வலி" என்பார்கள். நேயர்களே, எதிரே இருப்பவருக்கும் கூச்சம் உண்டு!

சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலாவைப் பாருங்கள். பாலியல் தொழில் செய்யும் பெண்களின் இரத்தத்தில் எய்ட்ஸ் கிருமியைத் தேடும்படி ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் சொன்னபோது, கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்த அவர் தயங்கினார். கணவர் ஊக்கமூட்டினார். பால்வினை நோய்ப் பிரிவில் ஓரிரு பெண்களோடு பேசிப் பழகினார். அவர்கள் மற்றவர்களைக் காட்டினார்கள். 1986இல் ஆறு பேருக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அதுவே முதல் தடவை.

இப்போது பல நாடுகளில், நோயாளியைக் கேட்குமுன் "எந்தச் சொல்லைச் சொல்ல என் நா கூசுகிறது? யாரை நான் இழிவாக நினைக்கிறேன்?" என்று தம்மையே கேட்டுப் பார்க்க மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். அப்படிப் பழகாதவர் முகம் சுளித்தால் குற்றம் நம்முடையதன்று. பெண் டாக்டர் வேண்டுமென்றும் கேட்கலாம்.