டாங்கி எத்தனை, ஆள் எத்தனை

கட்டுகஸ்தோட்டையில் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் அலுவலகம் நடத்துகிற அண்ணன் ஒருவர், ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாலு பாண் பார்சலோடு வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை. வரைபட மென்பொருள் விற்கும் கம்பனி ஒன்றிலிருந்து அவருக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. எங்கள் மென்பொருள் உங்களிடம் எத்தனை கணினியில் இருக்கிறது, எத்தனைக்கு லைசன்ஸ் வாங்கியிருக்கிறீர்கள், கணக்குத் தாருங்கள் என்று.

"இவங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்? நம்ம கம்பியூட்டருக்குள்ள பூந்து பார்க்கிறாங்களா?"

கேத்தலை அடுப்பில் வைத்தேன். ஒரு பிளேன்டீயில் முடிகிற கதை இல்லை இது.

அண்ணன் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அதனால் தோட்டத்து ஸ்டோரிலிருந்தே தொடங்கினேன். மருந்தடிக்க ஆள் நாற்பது, டாங்கி பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர்க்காரர் பேரை எழுதிக்கொண்டு டாங்கியைக் கொடுப்பார். பதினோராவது ஆள் வந்து நின்றால், யாராவது திருப்பிக் கொண்டுவரும்வரை காத்திரு என்பார். எடுத்துப் போனது ராமையாவா செல்லையாவா என்பது அவருக்குப் பெரிதில்லை. ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான்.

வலையமைப்பில் லைசன்ஸ் சேர்வர் பார்ப்பதும் இதே ஸ்டோர் வேலைதான். அறுபது கணினி உள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அறுபது லைசன்ஸ் வாங்கினால் கட்டுப்படியாகாது. இருபது வாங்கி ஒரு சேர்வரில் வைத்துவிடலாம். மாணவர் மென்பொருளைத் திறந்ததும் அது சேர்வரிடம் போய்க் கேட்கும். மிச்சமிருந்தால் ஒன்று கிடைக்கும். மூடியதும் திரும்பிவிடும். 1988இல் வந்த ஃபிளெக்ஸ்எல்எம் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டது. ஃபிளெக்ஸ்நெட் என்ற பெயரில் மெட்லாப் போன்ற மென்பொருள்களுக்குப் பின்னால் இன்றும் நிற்கிறது. லைசன்ஸ் கோப்பைச் சேர்வரின் வலையமைப்பு அட்டை எண்ணோடு முடிச்சுப் போட்டு வைப்பார்கள். வேறு கணினிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது வெறும் எழுத்து.

நான் முன்பு பார்த்துக்கொண்ட ஒரு நிறுவனத்தின் சேர்வர் பதிவேட்டை அண்ணனுக்கு விவரித்தேன். ஒரு வரியில் நேரம், 'அவுட்' என்ற சொல், மென்பொருளின் பெயர், எடுத்தவர் பெயர், அவர் இருந்த கணினியின் பெயர். திருப்பிக் கொடுத்தால் 'இன்'. இல்லையென்று அனுப்பிவிட்டால் 'டினைட்'. ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து அவுட், அவுட், அவுட். பத்து மணிக்கு மேல் டினைட் வரிசையாக விழுகிறது. பன்னிரண்டரைக்கு எல்லோரும் சோறு சாப்பிடப் போயிருக்கிறார்கள், ஆனால் ஒரு 'இன்'கூட இல்லை. திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த டினைட் வரிகளை எண்ணிக் காட்டி, இன்னும் ஐந்து லைசன்ஸ் வேண்டுமென்று மேலிடத்துக்குக் கடிதம் வேறு போயிருந்தது. சும்மா கிடப்பதை இவ்வளவு நேரத்துக்குப் பிறகு பிடுங்கிக்கொள் என்று சேர்வரில் ஒரு வரி எழுதினேன். கடிதம் குப்பைக்குப் போனது.

2022இல் வேறொரு கூத்து. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது, மறக்கவா முடியும்? சேர்வர் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கும். மேசைக் கணினி பட்டென்று செத்துவிடும். செத்த கணினி 'திருப்பிவிட்டேன்' என்று சொல்லிவிட்டா சாகும்? சேர்வரோ அது இன்னும் வேலை செய்வதாக நினைத்து லைசன்ஸைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் எல்லோருக்கும் டினைட். டாங்கியோடு ஆள் மலையில் விழுந்து கிடக்கிறான், ஸ்டோர்ப் புத்தகத்தில் இன்னும் மருந்தடிக்கிறான்.

"விண்டோஸுக்கும் இதேதானா?" என்றார் அண்ணன், இரண்டாவது மாலு பாணைப் பிய்த்தபடி.

அது பிரட்டுக்களம், காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கிற இடம். பெரிய நிறுவனங்கள் கேஎம்எஸ் என்ற சேர்வர் ஒன்றை உள்ளே வைத்துக்கொள்ளும். கணினிகள் அதனிடம் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். இங்கே கணக்கு தலைகீழ்: குறைந்தது 25 கணினி வந்து நின்றால்தான் அது விண்டோஸுக்கு அனுமதி கொடுக்கும். ஒருமுறை பேர் விழுந்தால் 180 நாளுக்குச் செல்லும். ஆனாலும் கணினி ஏழு நாளைக்கு ஒருமுறை மறுபடி வந்து தலையைக் காட்டும். பல கடைகளில் 'விண்டோஸ் போட்டுத் தருகிற' பையன் செய்வது, உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கணக்கப்பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார்த்துவது. இருபத்தைந்து தலை இருக்கிறதென்று அது பொய் எழுதிக்கொடுக்கும். அதை ஏற்றுவதற்கு முன் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். கள்ளச் சாவி செய்கிறவனுக்கு வாசலையும் திறந்துவிட்டு நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள்.

அண்ணன் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கம்பனிக்கு எப்படித் தெரியும்? பல வரைபட மென்பொருள்கள் திறக்கும்போதே இணையம் வழியாக, தன் தொடர் எண்ணையும் தான் இருக்கும் கணினியின் அடையாளத்தையும் தாய்க் கம்பனிக்குச் சொல்லிவிடும். ஒரே தொடர் எண் ஒன்பது கணினியிலிருந்து பேசினால் அங்கே கணக்கு உதைக்கும். யாரும் உள்ளே பூரவில்லை, உள்ளேயிருப்பதே கூப்பிட்டுச் சொல்கிறது. வேலையை விட்டுப்போன ஒருவர் முறைப்பாடு கொடுப்பதும் உண்டு. மென்பொருள் கம்பனிகளின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ இதற்கென்றே வழி வைத்திருக்கிறது. அதன் கணக்கெடுப்பில் 2017இல் இலங்கைக் கணினிகளில் ஏறிய மென்பொருளில் 77 சதவீதம் லைசன்ஸ் இல்லாதது. விற்கிறவர்கள் எடுத்த கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

சட்டத்தையும் சொன்னேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 178ஆம் பிரிவு. உரிமையை மீறிய மென்பொருள் என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருந்தும், வியாபார இலாபத்துக்கு வேண்டுமென்றே பயன்படுத்தினால் நீதவான் முன்னிலையில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும். 'பையன் போட்டான், எனக்குத் தெரியாது' என்பது அந்தக் 'காரணம் இருந்தும்' என்ற இடத்தில் வழுக்கிவிடும்.

"அப்ப இன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் அழிச்சிடுறேன்."

அதைத்தான் செய்யவே கூடாது. மின்னஞ்சல் வந்த பிறகு அழித்தால் அழித்த திகதி கணினியிலேயே கிடக்கும். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது. முதலில் இரண்டு பட்டியல் வேண்டும். எந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. அதைக் கணினியே சொல்லும். ஓசிஎஸ் இன்வென்டரி, ஜிஎல்பிஐ என்று காசில்லாத மென்பொருளே இருக்கிறது, ஒவ்வொரு கணினியிலும் ஒரு சின்ன ஏஜன்டை ஏற்றிவிட்டால் மாலைக்குள் பட்டியல் வந்துவிடும். மற்றது, எதற்கு அனுமதி இருக்கிறது என்பது. அதை எந்தக் கணினியும் சொல்லாது. பில்லும் ஒப்பந்தக் கடிதமும்தான் சொல்லும். இந்த வேலையில் நான் பார்த்த சண்டைகளில் பாதி, வாங்கியதற்குத் துண்டு இல்லாமல் வந்தவை.

அங்கேயே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினோம். பன்னிரண்டு கணினி. மென்பொருள் ஒன்பதில். அண்ணனுக்கு வாங்கிய ஞாபகம் ஐந்து. ஒன்பதில் இரண்டு, ஆள் போய் ஆறு மாதமாகத் துணி போர்த்திக் கிடப்பவை. இன்னொன்றில் வாசலில் இருக்கும் பிள்ளை கடிதம் மட்டும் அடிக்கிறாள். உண்மையில் கோடு கீறுகிறவர்கள் ஆறு பேர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை இருவரும் பார்த்தவர்கள். டொலரில் விலை போடும்போது, ஒன்பதுக்காக இன்னும் நான்கு வாங்குவதற்கும் ஆறுக்காக ஒன்று வாங்குவதற்கும் உள்ள தூரம் சின்னதல்ல. கணக்கை மறைக்காமல் எழுதி, இனி எத்தனை வேண்டும் என்பதையும் எழுதி, விலை பேசுங்கள் என்றேன்.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். "மகள், கீழ் லாச்சியில பழைய பில் ஃபைல் ஒண்ணு இருக்கும், நீல மட்டை... கரப்பான் அரிச்சதா? எத்தனை பில்லு மிச்சம் இருக்கு, எண்ணிச் சொல்லு."